பத்தாவது மூட்டை

மெலித்தோன் சுமை தூக்கும் லாமாக்களின் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்த பன்னிரண்டு மூட்டைகளில் பதினொன்று முரட்டுக் குவியலுக்குப் போயின. ஒன்று நடுத்தரக் குவியலுக்குப் போனது. மென்மைக் குவியலுக்கு ஒரு பிடி ரோமம்கூடப் போகவில்லை.

மேட்டு மேய்ச்சலில் இருந்த இருபத்திரண்டு குடும்பங்களில் ரோமத்துக்காக வளர்க்கும் அல்பாக்காவில் நூற்று அறுபது வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே அன்று சேகரிப்புக் கூடத்துக்கு எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே கம்பி வலை அடித்த நீள மேசை. அதன் பின்னால் தெல்ஃபினா நின்றாள். பக்கத்து மாகாணத்திலிருந்து கூலிக்கு வரவழைத்த தரம்பிரிப்பவள். முப்பது வருடம் ஆலையில் இதே வேலை. ரோமத்தை வலைமேல் விரிப்பாள், இரண்டு விரலால் ஓர் இணுக்கு பிடித்துத் தேய்ப்பாள், பேசாமல் தூக்கி எறிவாள். எறிந்த பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை.

"மெலித்தோன் அண்ணே," என்றான் இசித்ரோ. ஊரில் யார் விழுந்தாலும் முதலில் சிரிப்பவன் அவன். "இத வச்சுக் கயிறு திரிச்சா லாரியவே கட்டி இழுக்கலாம்போல."

"உன் நாக்க இழுக்கறதுக்கு ஒரு முழம் தனியா எடுத்து வச்சிருக்கேன்," என்றார் மெலித்தோன்.

தெல்ஃபினா நிமிரவில்லை. "மோசம்னு சொல்லலைங்க. நல்ல கனம். தரைவிரிப்புக்கு அருமையா வரும்."

"ஆக, மிதிக்கறதுக்கு ஆகும்ங்கறீங்க."

"மிதிக்கறதுக்கும் ஒண்ணு வேணுமில்ல."

கூடத்தின் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் வெள்ளை ரோமத்தில் ஒரு சுருள். மாதிரி என்று அதற்குப் பெயர். சந்தேகம் வரும்போதெல்லாம் தெல்ஃபினா அந்தப் பக்கம் கண்ணைக் காட்டி, "அது மாதிரி இருக்கணும்," என்பாள். அந்தச் சுருள் பசிலியாவின் பட்டியில் வெட்டியது. பசிலியா அவருடைய தம்பி ருபெர்தோவின் மனைவி. ருபெர்தோ இறந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது.

அப்பா காலமான வருடம், திருவிழா நாளில்தான் அண்ணன் தம்பி மந்தையைப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவன் ஒன்று எடுத்தால் இளையவன் ஒன்று எடுக்க வேண்டும். கடைசி உருப்படி வரை இப்படியே போகும். மெலித்தோன் எலும்பையும் தொடையையும் பார்த்து எடுத்தார். ருபெர்தோ ஒவ்வொன்றின் தோள்பட்டையிலும் ரோமத்தை விரலால் வகிர்ந்து, முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்து எடுத்தான். "டேய், பேன் பாக்கறியா, பங்கு பிரிக்கறியா?" என்று மெலித்தோன் கேட்டதற்கு ஊரே சிரித்தது. ருபெர்தோவும் சிரித்தான். கடைசியில் அவன் பக்கம் நின்றவை எல்லாம் குள்ளம், ஒடிசல். மெலித்தோன் அவற்றுக்குப் பூனைமந்தை என்று பெயர் வைத்தார்.

பூனைமந்தைதான் அது, அந்தக் காலத்துக் கணக்கில். சனிக்கிழமைச் சந்தைக்கு ரோம வியாபாரி தோன் அன்செல்மோ கொக்கித் தராசோடு வருவார். நல்லது, கெட்டது, வெள்ளை, பழுப்பு, எல்லாம் ஒரே கொக்கியில், எல்லாம் ஒரே விலை. எடைதான் பேச்சு. எடைக்காக ஜனங்கள் ரோமத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், ஒரு பிடி மணலும் தூவுவார்கள். தோன் அன்செல்மோவுக்கு அது தெரியும், தராசில் சரிக்கட்டிக்கொள்வார். அவர் சரிக்கட்டுவது ஜனங்களுக்குத் தெரியும். அடுத்த முறை இன்னொரு பிடி மணல் தூவுவார்கள். இந்த ஏற்பாட்டில் மெலித்தோன்தான் ராஜா. அவர் மூட்டைதான் முதலில் கொக்கியில் ஏறும். முதல் கோப்பைச் சாராயமும் அவருக்குத்தான்.

பசிலியாதான் அதைக் கலைத்தாள். புருஷன் போன அடுத்த வருடம், ஒரு சுருள் ரோமத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறி அரேகீபா நகரத்துக்குப் போனாள். ஓர் ஆலை வாசலில் இரண்டு நாள் நின்றாள். மூன்றாம் நாள் ஒருவன் அந்தச் சுருளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவளுக்கு நாற்காலி போட்டானாம். திரும்பி வரும்போது கையில் ஒரு காகிதம். தரம் பிரித்துக் கொடுத்தால் தரத்துக்கு ஏற்ற விலை. மொத்தம் எண்பது மூட்டை. அதில் குறைந்தது பத்து மென்மைத் தரமாக இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் லாரி மேலே ஏறும். ஒரு மூட்டை குறைந்தாலும் ஏறாது.

எண்பதில் தன் பன்னிரண்டும் உண்டு என்று மெலித்தோனும் கையெழுத்துப் போட்டார். போடும்போது, எடையில் யார் முதலில் நிற்பார்கள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டார்.

தரம் பிரித்த அன்று வீட்டில் மனைவி ஹசிந்தா பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கை வேகவைத்து முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

"என்ன, இதுவும் முரட்டு ரகமா?" என்றாள் ஹசிந்தா.

"வாய மூடிட்டுத் தின்னு."

"நான் தின்னுட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் தம்பிய மென்னுட்டு இருக்கீங்க."

அது உண்மைதான். ருபெர்தோ உயிரோடு இருந்தபோது அவன்மேல் பொறாமைப்பட மெலித்தோனுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. பொறாமை அவன் செத்த பிறகுதான் வந்தது. பிப்ரவரி மாதம், மேய்ச்சலில் இடி தாக்கி விழுந்தவனைத் தன் முதுகில்தான் கீழே தூக்கிவந்தார். ஒரு குட்டியைத் தூக்குவதுபோல் இருந்தது. அடக்கத்துக்கு மூன்று பள்ளத்தாக்கு தாண்டி ஜனங்கள் வந்தார்கள். இவ்வளவு பேருக்கு இவன் என்ன செய்தான் என்று அழுகைக்கு நடுவிலேயே அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்காக இன்னும் சத்தமாக அழுதார். உயிரோடு இருப்பவன் என்றால் அடுத்த வருடம் முந்திக்கொள்ளலாம். ஒரு முறையாவது அவனுக்கும் சறுக்கும். செத்தவனுக்கு இனிமேல் எங்கே சறுக்கப் போகிறது?

அந்தச் சனிக்கிழமை சந்தையில் தோன் அன்செல்மோ அவருக்குக் கோப்பையை நீட்டிவிட்டுச் சொன்னார்: "உங்க தம்பி சம்சாரம் முதலாளியம்மா ஆயிட்டாங்களாமே. நீங்க அங்க கணக்குப்பிள்ளையா, காவல்காரரா?"

மெலித்தோன் கோப்பையைக் கீழே வைத்தார். காலி செய்துவிட்டுத்தான் வைத்தார்.

அடுத்த வாரம் பசிலியாவின் பட்டியில் ரோமம் வெட்டு. மேய்ச்சலில் கைமாற்று வேலைதான் வழக்கம். அவருடைய வெட்டுக்குப் பசிலியா ஒன்பது நாள் வந்து சமைத்தாள், அல்பாக்காவின் கால் பிடித்தாள், ரோமம் சுருட்டினாள். அதற்கு ஈடாக அவர் போயே ஆகவேண்டும். நல்ல கத்தரிக்காரர் வேறு. வெட்டிய ரோமம் ஒரே விரிப்பாக, சட்டை கழற்றியதுபோல வரும் என்று பெயர் எடுத்தவர்.

போனார். கோக்கா இலையை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தார்ப்பாயில் முதல் அல்பாக்காவைக் கால் கட்டிச் சாய்த்திருந்தார்கள். தோள்பட்டையில் ரோமத்தை வகிர்ந்தார். உள்ளே வெள்ளை, பால் காய்ச்சும்போது வரும் வெள்ளை. நெளிநெளியாக ஒழுங்காக இறங்கியது. தம்பி முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தது இதைத்தான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாழ்நாள் முழுக்க அல்பாக்காவோடு இருந்தும் அவர் ஒரு தடவைகூட இப்படிப் பார்த்ததில்லை.

கத்தரியைத் தோலை ஒட்டி வைக்க வேண்டும். அவர் நாலு விரல் தள்ளி வைத்தார்.

பாதி உயரத்தில் ஒரு வெட்டு. பிறகு, விட்டதைச் சுத்தம் செய்பவர்போல, அடியில் இன்னொரு வெட்டு. நீளமாக வந்திருக்க வேண்டிய ரோமம் இரண்டு துண்டாக விழுந்தது. சீவும் இயந்திரத்தில் துண்டு ரோமம் நிற்காது, கழிந்துவிடும். கத்தரி பிடிக்கும் எவனுக்கும் இது தெரியும். எந்தக் கத்தரிக்காரனும் இதை வேண்டுமென்று செய்ததில்லை. முதல் உருப்படியில் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். மூன்றாவதில் பார்ப்பதை விட்டுவிட்டார். ஏழாவதில் ஒரு நிம்மதிகூட வந்தது.

பன்னிரண்டாவதை இழுத்துவரும்போது பசிலியா எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சற்று முன் வெட்டிய ரோமத்தை மடியில் போட்டுக் கையால் அளைந்தாள். அவர் கத்தரியைப் பார்த்தார்.

"கை வலிக்குதா அத்தான்?"

"வலியா? எனக்கா?"

"காலையில இருந்து வெட்டறீங்க. இப்போ நீங்க காலப் புடிங்க. கத்தரிய நான் வாங்கிக்கறேன்."

"நீ வெட்டினா மாலைக்குள்ள முடியாதும்மா."

"நாளைக்கு முடியட்டும். குடுங்க."

கொடுத்தார். மீதி நாள் முழுக்க அவர் கால் பிடித்தார். அவள் மெதுவாக, தோலை ஒட்டி, ஒரே வெட்டாக வெட்டினாள். மதியம் அவர் கிண்ணத்தில்தான் பெரிய இறைச்சித் துண்டு கிடந்தது. அவரால் அதை விழுங்க முடியவில்லை, விடவும் முடியவில்லை.

பசிலியாவின் மூட்டைகள் மேசைக்கு வந்த நாளில் கூடம் மறுபடி நிறைந்திருந்தது. மென்மைக் குவியலில் அதுவரை ஏழு மூட்டை சேர்ந்திருந்தது. மூன்று பசிலியாவிடமிருந்து வரும் என்பதுதான் கணக்கு. தெல்ஃபினா முதல் ரோமத்தை விரித்துத் தட்டினாள். வலைக்குக் கீழே தூசி விழுவது வழக்கம். அன்று ரோமமே விழுந்தது, துருவியதுபோல.

தெல்ஃபினா முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள். "யாரு வெட்டினது இத?"

மெலித்தோன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரில் வெட்டிய செருப்பு. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"நான்தான்," என்றாள் பசிலியா.

"நீயா? உனக்கா வெட்டத் தெரியாது?"

"புது கத்தரி. பழகறதுக்குள்ள பதினோரு உருப்படி போயிடுச்சு."

"நெஞ்சே எரியுதும்மா," என்றாள் தெல்ஃபினா. "தங்கத்தப் பொடி பண்ணி வச்சிருக்க."

எல்லாம் பிரித்து முடித்தபோது பசிலியாவின் பெயரில் இரண்டு மூட்டைதான் தேறியது. மென்மைக் குவியலில் மொத்தம் ஒன்பது.

வெளியே லாமாக்கள் கட்டியிருந்த பக்கம் மெலித்தோன் அவளைப் பிடித்தார். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"நீ வெட்டினேன்னு."

பசிலியா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "நீங்கதான்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? பன்னிரண்டு மூட்டையையும் அள்ளிட்டுத் தோன் அன்செல்மோகிட்ட போயிடுவீங்க. எண்பது அறுபத்தெட்டாயிடும். உங்க மானத்துக்காகச் சொல்லல அத்தான். மூட்டைக்காகச் சொன்னேன்."

அவள் மன்னித்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். மன்னிப்பவர்களை வெறுப்பது எளிது. இவளோ கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு சரியாகவும் இருக்கிறது. தம்பிக்குப் போய் இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று அதற்கும் சேர்த்து அவருக்கு வயிறு எரிந்தது.

அவர் உள்ளே திரும்பியபோது தெல்ஃபினா ஊரைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். "லாரிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. ஒரு மூட்டை குறையுது. ஒரே வழிதான். எந்த மந்தையா இருந்தாலும் குட்டியோட முதல் வெட்டு மென்மையாத்தான் இருக்கும். இந்த வருஷத்துக் குட்டி வெட்டாம யார்கிட்ட இருக்கு?"

இருபத்தொரு குடும்பத்தார் ஏற்கெனவே வெட்டிக் கொடுத்திருந்தார்கள். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பின. மெலித்தோன் குட்டிகளுக்கு இரண்டு வயதாகும்வரை கத்தரி வைப்பதில்லை. குட்டியில் எடை வராது. இரண்டு வருடம் வளரவிட்டால் கொக்கி நன்றாக இறங்கும். நாற்பது குட்டி அவர் பட்டியில் ரோமம் மூடி நின்றன.

"கட்டாயம் இல்லைங்க," என்றாள் தெல்ஃபினா.

"கட்டாயம் இல்லன்னா நான் எதுக்கு யோசிக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

மறுநாள் விடிந்ததும் பட்டியில் நின்று யோசிக்கத்தான் செய்தார். யோசிக்க என்ன இருந்தது? பேசாமல் இருந்தால் போதும். லாரி வராது. பசிலியாவின் காகிதம் காகிதமாகப் போகும். சனிக்கிழமை ஜனங்கள் கொக்கித் தராசுக்குத் திரும்புவார்கள், முதல் மூட்டையும் முதல் கோப்பையும் மறுபடி அவருடையதாகும். நினைக்க நினைக்க இனித்தது. ஆனால் இனிப்புக்கு நடுவே ஒன்று நெருடியது. மென்மைக் குவியலில் ஒன்பது மூட்டை. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை, அட்டையில் ஒரு பெயர். இசித்ரோவுக்குக்கூட ஒன்று இருந்தது. ஆமாம், இசித்ரோவுக்கு. லாரி வராமல் போனாலும், மென்மைக் குவியலில் மெலித்தோன் பெயர் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது தெரிந்ததுதான். அதை எந்தத் தோல்வியாலும், யாருடைய தோல்வியாலும், இனி மறைக்க முடியாது.

"ஹசிந்தா, கத்தரிய எடு," என்றார்.

"எதுக்கு?"

"கேள்வி கேக்காத. குட்டிகள உள்ள விரட்டு."

"தம்பி பொண்டாட்டிக்கு உதவியா? உங்களுக்குக் காய்ச்சலா என்ன?"

"உதவின்னு ஒருத்தன் சொன்னா பல்ல உடைப்பேன்."

நாற்பது குட்டியையும் இரண்டு நாளில் வெட்டினார். தோலை ஒட்டி, ஒரே வெட்டு. ஒவ்வொரு விரிப்பும் சட்டைபோல வந்தது. வெட்டிய குட்டிகள் குளிரில் நடுங்க, ஹசிந்தா திட்டிக்கொண்டே பழைய போர்வைகளைக் கிழித்து முதுகில் கட்டினாள்.

மேசையில் தெல்ஃபினா விரித்துக்கொண்டே போனாள். எல்லாம் மென்மைக் குவியலுக்குத்தான் போயின. மெலித்தோன் கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காதவர்போல எல்லோரையும் பார்த்தார். பாதிக்குமேல் போனதும் தெல்ஃபினா பதினைந்து பதினாறு விரிப்புகளைத் தனியாக எடுத்து வைத்தாள். சுவருக்குப் போய் அந்த மாதிரிச் சுருளைப் பையிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இது வயசால வந்த மென்மை இல்ல," என்றாள். "இது ரத்தம். எந்தக் கடா போட்ட குட்டி இதெல்லாம்?"

"என் பெரிய கடா," என்றார் மெலித்தோன். "அது உயரம் பாத்திருக்கீங்களா? கழுதை அதுகிட்ட நிக்காது."

"அந்தக் கடாவோட முடியத்தான் போன மாசம் முரட்டுல போட்டேன்."

பின்னால் யாரோ இருமினார்கள். பசிலியா மேசைக்கு வந்து ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் மாறியது. அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லத்தான் நினைத்திருப்பாள். அவ்வளவு அமைதியான கூடத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

"அவரோட சின்னக் கடா உங்க சுவரத் தாண்டும் அத்தான். ஓடைப் பக்கம் கல்லு சரிஞ்சு கெடக்குல்ல, அந்த வழியா. விடியறதுக்குள்ள திரும்பி வந்து நிக்கும். உங்ககிட்ட சொல்லலாமான்னு கேட்டேன். வேணாம், அண்ணன் கோவிச்சுக்குவாருன்னு சொல்லிட்டார்."

முதலில் சிரித்தவன் இசித்ரோதான். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஹசிந்தா மேலாடையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெல்ஃபினாவே திரும்பி நின்றுகொண்டாள்.

மெலித்தோனுக்குக் காது சூடேறியது. கட்டியிருந்த கை பிரிந்து மூட்டையின் வாயை இறுகப் பிடித்தது. இப்போதுகூட அவர் அதை இழுத்துக்கொண்டு போகலாம். நூறு கண்ணும் அந்தக் கையைத்தான் பார்த்தன. சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. பசிலியா சிரிக்கவில்லை. எட்டு நாளில் ஐந்து போயிருந்தது.

அண்ணன் கோவிச்சுக்குவார். எந்தக் குரலில் அவன் அதைச் சொல்லியிருப்பான் என்று மெலித்தோனுக்குத் தெரியும். கடைசியாக அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று எண்ண முயன்றார். கணக்கு தப்பியது.

தெல்ஃபினா அட்டையையும் பென்சிலையும் எடுத்தாள். "பத்தாவது மூட்டை. யாரு பேர எழுத?"

"இதுல என்ன சந்தேகம்?" என்றார் மெலித்தோன். "தாண்டினது யார் சுவர்? என் சுவர். சுமந்தது யார் பொட்டை? என் பொட்டை. மெலித்தோன்னு எழுதுங்க. பெரிய எழுத்துல."

எழுதினாள். அவர் அருகில் நின்று சரிபார்த்தார்.

லாரி சொன்ன நாளில் வந்தது, பாதி நாள் தாமதமாக, சேற்றில் இரண்டு முறை மாட்டி. எண்பது மூட்டையும் ஏறின. தன் பெயர் போட்ட மென்மை மூட்டை மேலே, பார்வையில் படும்படி இருக்க வேண்டும் என்று அவர் டிரைவரோடு சண்டை பிடித்தார். டிரைவர் அதை அடியில்தான் போட்டான். மேலே பசிலியாவின் இரண்டும் இருந்தன.

பொலிக்கு விடும் காலம் வந்தபோது சின்னக் கடாவுக்கு ஊரே வரிசை போட்டது. பசிலியா ஒவ்வொருவருக்கும் நாள் குறித்துக் கொடுத்தாள். மெலித்தோன் கேட்கப் போகவில்லை.

"ஆறு பேருக்குப் பின்னாடி நிக்கணும்னு வெக்கமா?" என்றாள் ஹசிந்தா. "சரி, கேக்க வேணாம். ஓடைப் பக்கம் அந்தக் கல்லையாவது எடுத்து வைங்க. பொட்டைங்க வெளிய போயிடப் போகுது."

"மழை விடட்டும்," என்றார்.

மழை விட்டது. அவர் ஓடைப் பக்கம் போய்ச் சரிந்த கற்களைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, சுவர் உயரமாக இருந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு கல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வந்தார்.